வலி தெரிந்திருக்காது

"இதுல என்ன குறை, சிஸ்டர்?"

கேட்டவர் கர்னல் ஞானாபரணம். வயது அறுபத்து மூன்று. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்.

சிஸ்டர் அமலோற்பவம் அடுப்பின் முன் நின்றிருந்தார். பெரிய அண்டாவில் கட்டுத் துணிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கம்பால் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கர்னலைவிடப் பத்தொன்பது வயது இளையவர்.

மலையடிவாரத்தில் பதினாறு கட்டில் போட்ட வீடு அது. இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பியவர்கள் அங்கே படுத்திருந்தார்கள். சிஸ்டர் ரோமில் ஒன்பது வருஷம் கிரேக்கம் படித்தவர். திரும்பி வந்ததும் பாடம் நடத்தச் சொன்னார்கள். இந்த வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கர்னலுக்குக் கிரேக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா சபைக் குருவாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கர்னல் அதைத் தூசி தட்டி எடுத்தார். கடல் கடந்து போய் ஒரு தீவுக் கோட்டையை உடைத்த வீரனின் பழங்கதை ஒன்றை ஆங்கிலச் செய்யுளாக ஆக்கினார். நாலாயிரம் வரி. எட்டு வருஷம்.

லண்டனில் ஒரு பதிப்பகம் அதை ஏற்றுக்கொண்டது. கிரேக்கம் தெரிந்த ஒருவர் மூலத்தோடு ஒத்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் போட வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார். செய்யுள் எழுதிய காகிதக் கட்டு சிஸ்டரிடம் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"ஓசை நல்லா இருக்கு" என்றார் சிஸ்டர்.

"அப்புறம்?"

"அந்தப் படகோட்டி மகன் சாகிற இடத்தைச் சொல்லுங்க."

கர்னலுக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். வீரனின் ஈட்டி பாய்கிறது. விடியும் வானத்தில் நட்சத்திரம் சாய்வதுபோல் அந்த இளைஞன் சாய்கிறான். மூன்று வரி.

"நட்சத்திரம் கிரேக்கத்துல எங்க இருக்கு?"

"இல்லை. வரிக்குப் பத்து அசை வேணும். சேர்த்துக்கிட்டேன்."

"கிரேக்கத்துல அந்த இடம் எத்தனை வரி?"

"பதினொண்ணு."

"மிச்சம் எட்டு?"

"கதையோட்டத்துக்கு இடைஞ்சல், சிஸ்டர். அவன் முக்கியமான ஆளு இல்லை. பேரு அந்த ஒரு இடத்துலதான் வருது."

சிஸ்டர் ஒரு துணியைக் கம்பில் தூக்கிப் பார்த்தார். கறை போகவில்லை. மறுபடி அண்டாவில் போட்டார்.

"ஆறாம் கட்டில்ல ஷேக் மீரான்னு ஒருத்தர் இருக்காரு. லாரி ஓட்டினவர். தொண்டையில புத்து. அவருக்கு அந்த இடத்தைப் படிச்சுக் காட்டுங்க."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது."

கர்னலுக்குக் கோபம் வந்தது. ஆனால் கையெழுத்து வேண்டும். போனார்.

ஷேக் மீரான் எலும்பும் தோலுமாக இருந்தார். குரல் முக்கால்வாசி போய்விட்டது. காற்றாகத்தான் பேசுவார். கர்னல் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். ஷேக் மீரான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், "நல்லாருக்கு சார். பாங்கு சொல்ற மாதிரி இருக்கு" என்றார். "என்ன கதை?"

கர்னல் தமிழில் சொன்னார். கோட்டை, கடல், வீரன், ஈட்டி, செத்துப்போன படகோட்டி மகன்.

"ஈட்டி எங்க பாஞ்சுது?"

"வயித்துல."

"வயித்துலன்னா உடனே சாக மாட்டானே சார்."

கர்னல் காகிதத்தை மடியில் வைத்தார்.

"தொப்பூர் மலையில ஒரு வண்டி கவுந்துச்சு. நான் பின்னாடி வந்தேன். கிளீனருக்கு வயித்துல கம்பி. காலையில எட்டு மணி. ரோடு அடைச்சுப்போச்சு, ஆம்புலன்ஸ் வரலை. மத்தியானம் வரைக்கும் கெடந்தான். பேசிட்டே கெடந்தான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்க கதையில அவன் ஒண்ணும் பேசலையா?"

"கதையில..."

"சொல்லுங்க சார்."

"பேசறான். நான் எழுதலை."

ஷேக் மீரான் அவரையே பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கர்னல் வெளியே வந்தார். சிஸ்டர் துணிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்தி எழுதறேன்" என்றார் கர்னல்.

"எழுதுங்க."

விருந்தினர் அறையில் மேஜை இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்தார். கிரேக்கத்தில் அந்தப் பையன் குடலைக் கையால் தாங்கிக்கொள்கிறான். கோட்டைச் சுவரின் நிழல் தன்மேல் வந்து விழுந்து, தாண்டிப் போகும்வரை கிடக்கிறான். ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். எல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற சொற்கள். முதல் வரியை ஆங்கிலத்தில் எழுதுவார். இரண்டாவது வரிக்கு ஓர் அழகான உவமை தானாக வந்து நிற்கும். அடிப்பார். மறுபடி அதே போல் ஒன்று வந்து நிற்கும்.

நாலாம் நாள் சிஸ்டரிடம் போனார். அவர் ஒரு கிழவியின் முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது வீர காவியம், சிஸ்டர். நீங்க சொல்ற மாதிரி எழுதினா வீரமே இருக்காது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"போர்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் இருந்திருக்கேன்."

"எத்தனை பேரு செத்தாங்க, உங்க கையில?"

"எதிரியா?"

"உங்க ஆளுங்க."

"ஒரே காலையில பதினோரு பேர். வடக்கே, பனிமலையில. நான் அப்ப கேப்டன். இருபத்தேழு வயசு."

"வீட்டுக்கெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான். பதினோரு கடிதம். கம்பெனிக் கமாண்டர் கையாலதான் எழுதணும்."

"என்ன எழுதினீங்க?"

அதுவும் மனப்பாடம். முப்பத்தாறு வருஷம் கழித்தும் ஒரு சொல் தட்டவில்லை. உங்கள் மகன் சிங்கத்தைப்போல் போரிட்டான். ஒரே நொடியில் நடந்தது. வலி தெரிந்திருக்காது. உங்கள் துயரத்தில் ஒரு தேசமே பங்கு கொள்கிறது.

கல்யாணமானவர்களுக்கு 'மகன்' என்ற இடத்தில் 'கணவன்'.

"எல்லாருக்கும் இதேதானா?"

"ஆமா."

"எல்லாரும் ஒரே நொடியிலதான் செத்தாங்களா?"

கிழவி முனகினாள். சிஸ்டர் கையை எடுத்துவிட்டு, அவள் அடங்கியதும் மறுபடி துடைத்தார். கர்னல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பத்துப் பேர்" என்றார் கடைசியில்.

"பதினோராவது ஆளு?"

"பூவலிங்கம். இருபத்திரண்டு வயசு. உசிலம்பட்டிக்கு மேற்கே."

"எங்க பட்டுது?"

"வயித்துல."

சிஸ்டர் கட்டுப் போட்டு முடித்தார். கைகழுவினார். விருந்தினர் அறைக்குப் போய் அந்தக் காகிதக் கட்டை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"சிஸ்டர், மாதக் கடைசிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

"உசிலம்பட்டி இங்கிருந்து ரெண்டு பஸ்."

"போய் என்ன செய்யறது?"

"அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்துட்டு வாங்க."

கர்னல் அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. தோட்டத்தில் நடந்தார். போகாமல் இருக்க நல்ல காரணங்கள் இருந்தன. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஆறிய புண்ணைக் கீறுவது பாவம். எல்லாமே உண்மைதான்.

மூன்றாம் நாள் ஷேக் மீரான் இறந்தார். ஜமாஅத்திலிருந்து நாலு பேர் வந்து எடுத்துப்போனார்கள். கர்னல் வாசல்வரை கூடப் போனார்.

லண்டனிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பை அவர் எடுக்கவில்லை. மாதக் கடைசி போயிற்று. அதற்கு மறுநாள் காலை முதல் பஸ் ஏறினார்.

ஊரில் பூவலிங்கம் வீடு என்றதும் எல்லாரும் காட்டினார்கள். தெரு முனையில் சிமென்ட் தூண் ஒன்று இருந்தது. அதில் இரண்டு பெயர்கள். முதல் பெயர் பூவலிங்கம். இரண்டாவது ராசாங்கம்.

பூவலிங்கத்தின் மனைவி ஒச்சம்மாள் கூரைச் சார்ப்பில் உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயதிருக்கும். கர்னல் தன் பெயரைச் சொன்னார். முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"கடுதாசி எழுதின கேப்டன் சாரா?"

"ஆமாம்மா."

"உக்காருங்க சார். இம்புட்டு வருசம் கழிச்சா?" நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்தாள். அவர் குடிக்கும்வரை நின்றாள். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நாற்காலியில உக்காருங்கம்மா."

"இருக்கட்டும் சார். கீழதான் எனக்குத் தோது."

கர்னல் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "தூண்ல இன்னொரு பேரு பார்த்தேன்" என்றார்.

"எம் மகன். அவரு போறப்ப ஒரு வயசு, மடியில கெடந்தான். பத்தொம்பது வயசுல அவனும் பட்டாளத்துக்குப் போயிட்டான். நாலு வருசம் இருந்தான். போய்ப் பதினாலு வருசமாச்சு."

கர்னலின் கையில் மோர் டம்ளர் இருந்தது. கீழே வைக்க மறந்தார்.

"நீங்க தடுக்கலையாம்மா?"

"தடுக்காம என்ன சார்! மூணு நாள் சோறு திங்காம கெடந்தேன். அவன் கேக்கல. உங்க கடுதாசியத்தான் எடுத்துட்டு வந்தான். வருசா வருசம் வாத்தியாரு அந்தத் தூணுக்கு முன்னால நின்னு அதைத் தமிழ்ல படிப்பாரு. ஊரே கேக்கும். அவன் அதைக் கேட்டே வளந்தவன். 'அப்பாவுக்கு வலிக்கவே இல்லையே, நீ எதுக்கும்மா பயப்படுற'ன்னான்."

அழாமல்தான் சொன்னாள். எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்ட இரண்டு காகிதங்களோடு வந்தாள்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். எனக்கு எழுத்து தெரியாது. ஆனா பாத்துப் பாத்து வடிவம் மனசுல நிக்குது. இது அவருக்கு வந்தது. இது மகனுக்கு வந்தது. எழுதின கை வேற. ஆனா ஒரே மாதிரி வருது பாருங்க, இங்கிருந்து இங்க வரைக்கும்." விரலால் காட்டினாள். "வாத்தியாருகிட்ட கேட்டேன். பட்டாளத்து வழக்கம் தாயின்னாரு."

கர்னல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாவது கடிதத்தைப் படித்தார்.

உங்கள் மகன் சிங்கத்தைப்போல் போரிட்டான். ஒரே நொடியில் நடந்தது. வலி தெரிந்திருக்காது. உங்கள் துயரத்தில் ஒரு தேசமே பங்கு கொள்கிறது.

மலைப்போருக்குப் பிறகு அவரை ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறு வருஷம் இளம் அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தார். செத்தவன் வீட்டுக்கு எப்படி எழுதுவது என்பது அதில் ஒரு வகுப்பு. கரும்பலகையில் எழுதிப் போட்டு, எல்லாரையும் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வார். நல்ல ஆங்கிலம் என்று அதை அச்சடித்து வைத்துக்கொண்டார்கள்.

"என்ன சார் போட்டிருக்கு?"

"ஒண்ணுமே இல்லைம்மா."

"ஒண்ணுமே இல்லையா?"

"உங்க மகனைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லை. இது நான் எழுதினது. அவனை எனக்குத் தெரியாது."

ஒச்சம்மாளுக்குப் புரியவில்லை. கர்னல் சொன்னார். கரும்பலகை, வகுப்பு, அச்சடித்த தாள். எதையும் விடவில்லை. அவள் இரண்டு காகிதங்களையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவருக்கு எழுதினது?"

"அதுவும் பொய்."

தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"சொல்லுங்க" என்றாள்.

கர்னல் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"காலையில ஏழு மணிக்குச் சுட ஆரம்பிச்சாங்க. மேல ஒரு பங்கர், அதுல மெஷின் கன். பத்துப் பேரு அங்கேயே போயிட்டாங்க. இவன் வெட்டவெளியில விழுந்தான். வயித்துல மூணு குண்டு. நான் ஒரு பாறைக்குப் பின்னால. எங்களுக்கு நடுவுல இருபது அடி இருக்கும்."

"உசிரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எம்புட்டு நேரம்?"

இந்த இடத்தில் கர்னலின் வாய்க்குள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முழுசாக வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"ஒன்றரை மணி வரைக்கும். ஆறரை மணி நேரம்."

ஒச்சம்மாள் விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

"வலிச்சுதா?"

"ரொம்ப வலிச்சுதும்மா. கத்தினான். அப்புறம் கத்த முடியலை. தண்ணி கேட்டான். பனியை அள்ளி வாயில போட்டுக்கிட்டான்."

"எங்களப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா? என் பேரு, புள்ள பேரு?"

அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பார்த்தார்.

"இல்லைம்மா. முதல்ல அவங்க ஆத்தாவைக் கூப்பிட்டான். அப்புறம் என்னைத்தான் கூப்பிட்டான். சார், சார்னு."

"நீங்க போனீங்களா?"

"போகலை."

அவள் மடியில் இருந்த காகிதங்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"போனா நானும் செத்திருப்பேன். யாரையும் போக விடலை. அதுதான் சரின்னு அப்பவும் சொன்னாங்க, இப்பவும் சொல்வாங்க. நாலு பேரு போறேன்னு நின்னாங்க. நான்தான் தடுத்தேன். நான் தடுத்தது அவனுக்குக் கேட்டிருக்கும். அதுக்கப்புறம் அவன் என்னைக் கூப்பிடலை."

ஒச்சம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கிற்று. உள்ளே சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தில் அப்பனும் மகனும் ஏறக்குறைய ஒரே வயதில் சீருடையில் நின்றார்கள்.

கர்னல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள் அவரிடம் நிறைய இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. வெயில் சார்ப்புக்குள் வந்து அவர் காலில் விழுந்தது. நகர்ந்து உட்காரவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்தாள்.

"முப்பத்தாறு வருசமா, வலியே இல்லாமப் போன மனுசனுக்காக நான் எதுக்கு இப்பிடி அழுகுறேன்னு என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன் சார்."

கர்னல் தலையைக் குனிந்துகொண்டார்.

"இனிமே அழுதுக்கிடுவேன்" என்றாள்.

மடியில் இருந்த காகிதங்களில் முதலாவதை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதன் அடியில் இருந்த கையெழுத்தைத் தொட்டாள்.

"இந்த ஆபீசரு இருக்காரா?"

"இருப்பாரு. நாற்பது வயசுதான் ஆகியிருக்கும்."

"தேடிப் புடிப்பீங்களா?"

"பிடிக்கிறேன். ராசாங்கத்துக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டு, உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பச் சொல்றேன்."

ஒச்சம்மாள் தலையை ஆட்டினாள்.

"எழுதச் சொல்லாதீங்க சார். வரச் சொல்லுங்க."